ஏழாவது வாரத்துக்காகக் காத்திருந்த தங்கபாய்

திருவனந்தபுரம் ஆரியசாலைச் சந்தையில் வற்றல் மிளகாய் வாங்க வரும் ஹோட்டல்காரர்களில் பாதிப்பேர் ஹரிகுமாரின் மொத்தக்கடைக்குப் போனது ஹரிகுமாரை நம்பி அல்ல, தங்கபாயின் மூக்கை நம்பி. சாக்கைப் பிரித்து ஒரு கை அள்ளி முகர்ந்தால் போதும், அது போன வருடத்து மிச்சமா, நனைந்த சரக்கை மறுபடி காயவைத்ததா என்று சொல்லிவிடுவாள். குழித்துறைக்காரி. புருஷன் செத்தபின் கைக்குழந்தை சுஜாவோடு திருவனந்தபுரத்துக்கு வந்து, அந்த ஒரே கடையில் பத்தொன்பது வருடம் நின்றவள்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், வாசலில் சிந்திய மிளகாயைக் கூட்டக் குனிந்தது வரை அவளுக்கு நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கூரை. சுகர் குறைந்து தலைசுற்றி விழுந்துவிட்டாள் என்று ஹரிகுமார் சொல்ல, அப்படியே சீட்டில் எழுதியிருந்தார்கள். மண்டையில் ஏழு தையல். எலும்பு உடையவில்லை, ஆனால் உள்ளே மூளை நன்றாகக் குலுங்கியிருக்கிறது, ஓய்வுதான் மருந்து என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபின்தான் அவளுக்கு உண்மையான கஷ்டம் தொடங்கியது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. குக்கர் விசிலடித்தால் மண்டைக்குள் ஆணி இறங்குவதுபோல் இருந்தது. எதுவும் மணக்கவில்லை. காரணமே இல்லாமல் அழுகை வந்தது, அதைவிடக் காரணமில்லாமல் கோபம் வந்தது. நர்ஸிங் படிக்கும் சுஜா ஒருநாள் கதவைச் சற்றுப் பலமாகச் சாத்தினாள் என்பதற்காக, கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரை எறிந்தாள். அது மகளின் புருவத்தில் பட்டு ரத்தம் வந்தது. சுஜா பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு, மறுநாளே அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் மலையாளி. தமிழும் கலந்து பேசினார்.

"தங்கபாய், இந்த தேஷ்யம், இந்தக் கோபம், உங்க சுபாவமில்ல, காயத்தோட பாகம்தான். கோபம் ஏறுதுன்னு தோணினா உடனே அந்த ரூமிலேர்ந்து வெளிய வாங்க, மெதுவா மூச்சு விடுங்க. நேரத்துக்கு உறங்கணும். போன் வேண்டாம். தினம் பத்து நிமிஷம் நடக்கணும், பின்னே கொஞ்சம் கொஞ்சமா கூட்டலாம். தலைவேதனை எத்தனை, தேஷ்யம் எத்தனைன்னு காலைலயும் சாயந்திரமும் பத்துக்கு மார்க் போட்டு எழுதி வையுங்க. ஆறு வாரத்துக்குப் பெரிய தீருமானம் ஒண்ணும் எடுக்க வேண்டாம்."

சுஜா நோட்டுப் போட்டு எழுதினாள். தங்கபாய்க்குப் பொறுமையில்லை. பாதி நாள் நடக்கவே போகவில்லை.

மூன்றாவது வாரம், ஆரியசாலைச் சந்தையில் மூட்டை இறக்கும் தாசையன் பார்க்க வந்தார். யூனியன்காரர், எந்த முதலாளிக்கும் பயப்படாதவர். சுவரோரம் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, நீங்க தலசுத்தி விழுந்தியன்னு எல்லாரும் பறயுது. உங்களுக்கு ஓர்மையில்லியா?"

"இல்ல."

"நான் லாரிக்கு மேல நின்னேன். சாப்பாட்டுக்குப் போற அவசரத்துல மொதலாளி திரும்பிப் பாக்காம ஷட்டரை வலிச்சு விட்டாரு. அது உங்க மண்டையிலயாக்கும் வந்து இறங்குச்சு. நீங்க விழுந்ததும், 'சுகர், சுகர்'னு அவருதான் முதல்ல விளிச்சது."

தங்கபாய் எழுந்து நின்றாள். அறை சுழன்றது. அப்படியே போய் ஹரிகுமாரின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் என்றிருந்தது. கதவு வரைக்கும் போனாள், அதற்குமேல் கால் வரவில்லை. போன வாரம் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து இதே வாசலில் நின்று, "உடம்பை நோக்கணும் தங்கபாய்" என்று சொல்லிவிட்டுப் போனவன்.

அன்றைக்குக் கோபம் பத்துக்குப் பத்து. ஆனால் படுக்கையில் கிடந்து யோசித்தபோது ஒன்று விளங்கியது. இந்தத் தள்ளாட்டத்தோடு போய்க் கத்தினால், தலைக்கு அடிபட்டுப் பைத்தியமாகிவிட்டாள் என்று ஒரே வார்த்தையில் தட்டிவிடுவான். அவனைப் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் தலை நேராக வேண்டும்.

மறுநாளிலிருந்து டாக்டர் சொன்ன ஒன்றைக்கூட அவள் விடவில்லை. ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்தாள். தெருமுனை வரை நடந்தவள் பாலம் வரை நடந்தாள், பிறகு அம்பலக் கோயில் வரை. கோபம் ஏறினால் வெளியே வந்து துணிக்கொடி அருகே நின்று மூச்சை எண்ணினாள். அம்மா இப்படி அடங்கிக் கேட்பதைப் பார்த்து சுஜாவுக்கு ஒரே சந்தோஷம். எதற்காக என்று அவளிடம் தங்கபாய் சொல்லவில்லை.

நோட்டில் எண்கள் இறங்கின. எட்டு, ஆறு, நான்கு. ஐந்தாவது வாரம் ஒரு காலை, மகள் சொன்ன ஏதோ ஒரு கதைக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டு, சட்டென்று பயந்துபோனாள். காயம் ஆறும்போது அவன்மேல் உள்ள கோபமும் சேர்ந்து போய்விடுமோ? கண்ணை மூடி ஹரிகுமாரின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். இருந்தது. கொதிப்பு இல்லை, நடுக்கம் இல்லை, கெட்டியாக அப்படியே இருந்தது. நிம்மதியாகத் தேங்காய் துருவ உட்கார்ந்தாள்.

டாக்டர் சொன்ன ஆறு வாரம் முடிந்ததும், ஏழாவது வாரம் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். விசாரணைக்கு வந்த ஹரிகுமார் அதிகாரியிடம் பரிதாபமாகப் பேசினான்.

"சாரே, தலையில அடிபட்ட பொறவு இவளுக்கு ஒண்ணும் ஓர்மையில்ல. வெறுதே தேஷ்யம். சொந்த மகளையே டம்ளர் வச்சு எறிஞ்சவளாக்கும், பக்கத்து வீட்டுக்காரங்களே பறஞ்சாங்க."

தங்கபாயின் காதுமடல் சுட்டது. கை இரண்டையும் மேசைமேல் விரித்து வைத்தாள். ஆறு மூச்சு எண்ணினாள்.

"உள்ளதாக்கும் சாரே. எறிஞ்சேன். அடிபட்டது எப்படின்னு எனக்கு ஓர்மையில்ல, அதையும் நான் ஒளிக்கல்ல. ஓர்மையுள்ள ஆளு வெளிய நிக்காரு. விளிச்சுக் கேளுங்க."

தாசையன் வந்தார். அன்று லாரியில் கூட நின்ற இன்னொருவரும் வந்தார். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னார்கள். ஹரிகுமார் கைக்குட்டையை எடுத்தான்.

"அறியாம ஷட்டரை வலிச்சுப் போச்சு, சாரே."

"அறியாம வலிச்சதை நான் கேக்கல்ல மொதலாளி," என்றாள் தங்கபாய். "அறிஞ்சுகொண்டு பொய் பறஞ்சீங்கல்லா, அதை உங்க கையால எழுதணும். எழுதி, எல்லாரும் கேக்க வாசிக்கணும்."

அதிகாரி காகிதத்தை நகர்த்தினார். ஹரிகுமார் எழுதினான், முணுமுணுப்பாக வாசித்தான்.

"கேக்கல்ல மொதலாளி. அடிபட்ட பொறவு எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

அவள் காதுக்கு ஒரு கேடும் இல்லை. மூன்று முறை வாசிக்க வைத்தாள். மூன்றாவது முறை வராந்தாவில் நின்றவர்களுக்கும் கேட்டது.

அதோடு அவள் விடவில்லை. ஓணத்துக்கு முந்தின வாரம், பக்கத்து வீட்டில் கருவாடு பொரிக்கும் வாசனை, அடிபட்டதிலிருந்து எதையும் உணராத அவள் மூக்கில் ஏறியது. இருந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அடுத்த திங்கட்கிழமை, ஹரிகுமாரின் கடைக்கு நேர் எதிர்க்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஹோட்டல்காரர்கள் ஒவ்வொருவராகத் தெருவைக் கடந்து வந்தார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் அவள் தலையைத் தூக்கி எதிர்ப்பக்கம் ஒரு முறை பார்ப்பாள். இரண்டே மாதத்தில் ஹரிகுமார் தன் மேசையை வாசலிலிருந்து கடையின் உள்மூலைக்கு மாற்றிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பும் வழியில் சுஜா மெல்லக் கேட்டாள்: "அம்மை, இனி போதும்லா? அவரை விட்டுடக்கூடாதா?"

"கர்த்தருக்கு மன்னிக்கணும்னா மன்னிக்கட்டும் மக்களே. எனக்கு வேற சோலி கெடக்கு."

திங்கட்கிழமை குண்டூர் மிளகாய் இருபது மூட்டை வர வேண்டியிருந்தது. அவள் நடையை எட்டிப் போட்டாள்.