புள்ளிக்குப் பின்னால் எத்தனை சைபர்?

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரத்தில் எனக்கு ஐந்து வயது கூடிவிட்டது. காரணம் — ஒரே ஒரு சைபர்.

சாப்பிட்டுவிட்டுச் சற்றுத் தலை சாய்க்கலாம் என்று இருந்தேன். எதிர்வீட்டு ஜெபராஜிடமிருந்து போன். "அண்ணே, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. ஒரு நம்பரச் சரிபார்க்கணும்."

திருநகரில் பல வருடமாக எங்களுக்கு எதிரெதிர் வீடு. ஜெபராஜ் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். முப்பது வருடமாக ஃபீஸ் ரசீது போடுகிறவர். கணக்கு ஒரு ரூபாய் உதைத்தாலும் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குக் கிளம்பமாட்டார். அப்படிப்பட்டவர் என்னைக் கூப்பிட்டு நம்பர் பார்க்கச் சொல்கிறார் என்றால்... எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

விஷயம் இதுதான். அவர் மகள் ஷெரினுக்குக் கோயம்புத்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் பிசியோதெரபி சீட் கிடைத்திருக்கிறது. முதல் வருடக் கட்டணம் மூன்று லட்சத்து அறுபதாயிரம். அன்றைக்கு நாலு மணிக்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் சீட் வரிசையில் அடுத்து நிற்கும் பிள்ளைக்குப் போய்விடும். ஷெரின் காலையிலேயே அங்கே போய் ஆபீஸ் வாசலில் காத்திருக்கிறாள்.

பணம்? இருக்கிறது — பிட்காயினாக. எப்போதோ கூட வேலை பார்த்த கம்ப்யூட்டர் வாத்தியார் பேச்சைக் கேட்டுக் கொஞ்சம் வாங்கிப் போட்டிருக்கிறார் ஜெபராஜ். அது இன்றைக்கு லட்சங்களாக வளர்ந்து நிற்கிறது. ஒரு வாரம் முன்பே விற்றிருக்கலாம். "இன்னும் ரெண்டு நாள்ல ஏறும்ணே" என்று கடைசி நாள் வரை இழுத்துவிட்டார். நம்மில் யார் இதைச் செய்யாதவர்கள்?

எவ்வளவு விற்க வேண்டும் என்று மகள் கணக்குப் போட்டு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். 0.046 பிட்காயின். அவர் வைத்திருந்த ஆப்பில் ரூபாயில் போட வழியில்லை, பிட்காயினில்தான் போட வேண்டும். விற்றால் பணம் பேங்குக்கு வர முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் விற்க விடுவார்கள்.

ஜெபராஜ் டைப் அடித்துவிட்டு போனை என்னிடம் நீட்டினார். மகளின் மெசேஜையும் ஆப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். சைபர், புள்ளி, சைபர், நாலு, ஆறு... எல்லாம் இருந்தன. அச்சகத்தில் புரூஃப் பார்த்துப் பழகிய கண் அல்லவா?

"சரியா இருக்கு. அமுக்குங்க" என்றேன்.

அமுக்கினார். மணி இரண்டு.

இரண்டே முக்காலுக்கு பேங்கிலிருந்து மெசேஜ் வந்தது. ஜெபராஜ் படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாவது தடவையும் படித்தார்.

"அண்ணே... முப்பத்தாறாயிரத்துச் சொச்சந்தாண்ணே வந்திருக்கு."

ஆப்பைத் திறந்தோம். விற்றது 0.00460000 என்று இருந்தது. ஒரு சைபர் கூடுதல். பத்தில் ஒரு பங்குதான் விற்றிருக்கிறோம்.

எப்படி வந்தது அந்தச் சைபர்? கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. முப்பது வருடமாக இந்த மனிதர் எழுதிய ரசீது அத்தனையிலும் புள்ளிக்குப் பிறகு இரண்டு சைபர். 12,500.00. 8,750.00. பள்ளிக்கூடக் கட்டணத்தில் பைசா ஏது? புள்ளி வைத்த மறுநொடி அவர் விரல் தன்னால் இரண்டு சைபரைத் தட்டிவிடும். அன்றைக்கும் தட்டிவிட்டது. நாலும் ஆறும் அதற்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டன.

கீழே பொடி எழுத்தில் ரூபாய்க் கணக்கையும் ஆப் காட்டத்தான் செய்திருக்கிறது. நாங்கள் சைபர் பார்க்கும் மும்முரத்தில் இருந்தோம். அவர் பழக்க தோஷத்தில் தட்டினார், சரி. "சரியா இருக்கு" என்று சொன்ன என் வாயை என்ன செய்வது?

"நான் பார்த்ததுதான் தப்பு, ஜெபராஜ்" என்றேன். அவர் ஆப்பை மூடி மறுபடி திறந்து பார்த்தார். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

மீதியை விற்க இன்னும் ஒரே ஒரு தடவை இருக்கிறது. அதிலும் தவறினால் வேறு வழி கிடையாது. அவர் மனைவி ரெஜினாவின் நகை ஏற்கெனவே ஹாஸ்டல் செலவுக்காக அடகில் இருக்கிறது.

0.046-இல் 0.0046 போனால் மீதி எவ்வளவு? ஆளுக்கொரு தாளில் கழித்தோம். அவருக்கு 0.0414 வந்தது. எனக்கு 0.414 வந்தது. இருவரும் ஒருவர் தாளை ஒருவர் பார்த்தோம். யார் சரி? பேனா முனையை வைத்துச் சைபர்களை எண்ணினோம். எண்ண எண்ண அவை கூடுவதும் குறைவதுமாக இருந்தன.

அந்த நேரம் பார்த்து ஷெரினின் போன். "அப்பா, வந்துருச்சா? கவுன்ட்டர்ல கேக்குறாங்க."

"வந்துக்கிட்டிருக்கும்மா" என்றார். குரல் அவர் குரலாகவே இல்லை.

ரெஜினா, தெற்காவணி மூல வீதியில் ஒரு நகைக்கடையில் பில் போடும் வேலையில் இருக்கிறார். ஜெபராஜ் அவருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நடந்ததைச் சொன்னார். எதிர்முனையில் ஒரு பெருமூச்சுகூட இல்லை.

"மணி மூணாகப் போகுது. இப்ப எம்புட்டு விக்கணும், சொல்லுங்க."

"சைபர் புள்ளி சைபர் நாலு ஒண்ணு... இல்ல, அண்ணன் சைபர் புள்ளி நாலுங்கறாரு..."

"நிறுத்துங்க. இப்படிப் புள்ளி சைபர்னு சொல்லிக்கிட்டிருந்தா யாருக்கு விளங்கும்? இங்க மூக்குத்தி நிறுத்தா சைபர் புள்ளி மூணு அஞ்சு சைபர் கிராம்னா சொல்றோம்? முந்நூத்தம்பது மில்லின்னு சொல்லிட்டுப் போயிருவோம். இதுக்கும் அப்படிச் சின்ன அளவு ஒண்ணு இருக்கும்ல? அண்ணே, பாருங்க."

என் போனில் தேடினேன். இருந்தது. ஒரு பிட்காயினைப் பத்துக் கோடி பங்காகப் பிரித்தால் ஒரு பங்குக்குப் பெயர் சதோஷி. புள்ளிக்குப் பின்னால் எட்டு இடம். காலி இடத்தில் சைபர் போட்டு எட்டையும் நிரப்பி, புள்ளியை மறந்துவிட்டு முழு எண்ணாக வாசித்தால் அதுதான் சதோஷிக் கணக்கு.

"அப்ப எட்டுக் கட்டம் போடுங்க. ஒண்ணுகூடக் காலியா விடாம நெரப்புங்க. லட்சத்துக்கும் ஆயிரத்துக்கும் கமா வைங்க. தெனம் செய்யிறதுதான?" என்றார் ரெஜினா.

அந்தக் கடைசிக் கேள்வி ஜெபராஜை நிமிர வைத்தது. கரன்ட் பில்லின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்து எட்டுக் கட்டம் போட்டார். ஆமாம், அந்த அவசரத்திலும் ஸ்கேல்! நிரப்பினார். கமா வைத்தார். வாசித்தார்.

"விக்க வேண்டியது நாப்பத்தாறு லட்சம் சதோஷி. வித்தது நாலு லட்சத்து அறுபதாயிரம்." ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மீதி நாப்பத்தோரு லட்சத்து நாப்பதாயிரம்."

அவ்வளவுதான். அதுவரை சைபர்க் கூட்டமாக மிரட்டிக்கொண்டிருந்தது, ஒரு தொகையாகிவிட்டது. மறுபடி எட்டுக் கட்டத்தில் எழுதினால் 04140000. அப்படியானால் 0.0414. என் தாளைச் சத்தமில்லாமல் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"இருங்க, அமுக்கிறாதீங்க" என்றார் ரெஜினா. "ஆப்புல இருக்குறத கட்டம் கட்டமா எனக்கு வாசிங்க. நான் திருப்பிச் சொன்னப்புறம் அமுக்குங்க. கஸ்டமர் நின்னா நிக்கட்டும்."

அவர்கள் கடையில் அதுதான் முறையாம். தராசில் இருப்பவர் எடையை உரக்கச் சொல்ல வேண்டும். பில் போடுகிறவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகுதான் பில். ஜெபராஜ் வாசித்தார். ரெஜினா திருப்பிச் சொன்னார். இந்தத் தடவை என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு அமுக்கினார்.

பிறகு காத்திருந்தோமே, அதைச் சொல்ல வேண்டும். ஃபேன் ஓடுகிறது, வேர்வை நிற்கவில்லை. மூன்றே கால். மூன்றரை. எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. பத்தாயிரம் ரூபாய் வாடகையை 0.001 கோடி என்று எந்த ஹவுஸ் ஓனராவது கேட்பாரா? கேட்டால் விடுவோமா? அரைக்கால் பவுனைக்கூட வாய்க்கு வருகிற மாதிரி சொல்லிப் பழகிய ஊர் இது. பத்துக் கோடி பங்காக உடைக்கத் தெரிந்தவர்கள், திரையில் அதை லட்சம், ஆயிரம் என்று கமா போட்டுக் காட்டியிருக்கக் கூடாதா? சதோஷி என்று ஒரு நல்ல அளவு இருந்தும் அதை ஏன் ஒளித்துவைக்க வேண்டும்? படிக்க முடியாத தொகையை ஒருவர் கையில் கொடுத்து, "உறுதிப்படுத்து" என்று பட்டனையும் கொடுப்பது என்ன நியாயம்?

ஜெபராஜ் கண்ணை மூடியிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. ஜெபம்தான்.

மூன்றே முக்காலைத் தாண்டியும் போனில் ஒன்றும் இல்லை. இரண்டு நிமிடம் கழித்து ஒரு சத்தம். இந்தத் தடவை மூன்று லட்சத்து இருபத்தேழாயிரத்துச் சொச்சம். முன்னால் வந்த முப்பத்தாறோடு சேர்த்தால் கட்டணம் போக நாலாயிரம் மிச்சம். அவர் கல்லூரிக் கணக்குக்கு அனுப்பி முடித்தபோது நாலு மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது.

நாலு மணிக்கு ஷெரின் கூப்பிட்டாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தது குரல். "அப்பா, சீட் கன்ஃபார்ம். ரசீது கையில குடுத்துட்டாங்க."

ஜெபராஜ் சோபாவில் சாய்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்தே கேட்டார்: "எம்புட்டுன்னு போட்டிருக்கு? நம்பர் வேணாம்மா. எழுத்துல இருக்குமே, அத வாசி."

ஷெரின் வாசித்தாள். "ருபீஸ் த்ரீ லேக்ஸ் சிக்ஸ்டி தவுசண்ட் ஒன்லி."

ஒன்லியாம்... அதை எழுதியவரை அன்று இரண்டிலிருந்து நாலு வரை அந்த சோபாவில் உட்கார வைத்திருக்க வேண்டும்.