பூஜையில் வைத்த கோதுமை

எண்பதுகளில் டெக்ஸஸில் கோதுமையை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். அந்த வருஷம் பயிர் குளிரைத் தாங்கிப் பிழைத்து விதை தந்தால்தான் அடுத்த வருஷம் உதவித்தொகை என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அது நின்றால் என் படிப்பும் நின்றுவிடும்.

விதைக்கக் குறித்திருந்த நாளில் சரஸ்வதி பூஜை வந்து சேர்ந்தது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் கணவர் புத்தகங்களோடு விதைப் பொட்டலங்களையும் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? இன்னிக்கு பிளான்ட் பண்ணணும்!"

"பூஜைல வெச்சத இன்னிக்கு தொடக் கூடாது. நாளைக்கு போ. ஒரு நாள்ல என்ன ஆயிடும்?"

தொண்டை கிழியக் கத்தினேனே தவிர, எடுக்க எனக்கும் கை வரவில்லை. மறுநாள் விடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அங்கே கரிசல் மண். நனைந்தால் டிராக்டர் இறங்காது. மண் காய்ந்து நான் விதைத்தபோது அக்டோபர் பாதிக்கு மேல் போய்விட்டது.

பக்கத்துப் பாத்தி சக மாணவர் ஒருவருடையது. அவர் செப்டம்பரிலேயே விதைத்துவிட்டார். டிசம்பரில் அவருடைய பயிர் கரும்பச்சையாக முழங்கால் உயரம் நின்றது. என்னுடையது தரையோடு படுத்துக் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு வரும் நாளெல்லாம் அவர் மேலுள்ள கோபத்தில் வீட்டில் ரசம் மட்டும்தான் வைப்பேன்.

அதுவரை அரைக்கைச் சட்டையோடு திரிந்துகொண்டிருந்தோம். திடீரென்று உறைபனி இறங்கியது. அபார்ட்மென்ட்டில் தண்ணீர்க் குழாயே வெடித்தது. என் நோஞ்சான்கள் எங்கே பிழைக்கப் போகின்றன என்று நினைத்தேன்.

பனி விட்டதும் பேராசிரியர் எங்கள் இருவரையும் வயலுக்கு அழைத்தார். சக மாணவரின் பயிர் வைக்கோல் நிறத்தில் சாய்ந்திருந்தது. பேராசிரியர் ஒன்றைப் பிடுங்கி, தண்டைப் பேனாக்கத்தியால் பிளந்தார். குருத்து பழுப்பாகக் குழைந்திருந்தது. சீக்கிரம் விதைத்ததால் வெதுவெதுப்பில் மளமளவென்று வளர்ந்து, குருத்து தரைக்கு மேலே ஏறிவிட்டது, குளிருக்குப் பழகவே இல்லை என்றார்.

பிறகு என் பாத்தி. இலை நுனியெல்லாம் கருகியிருந்தது. கத்தியைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் கூப்பிட்டுக் காட்டினார்: மண்ணுக்குள்ளேயே இருந்த குருத்து வெள்ளைவெளேரென்று, கெட்டியாக. வேரும் நன்றாக இறங்கியிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் வேர் பிடிக்காமல் இவையும் போயிருக்கும் என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. சக மாணவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை.

என் கணவர் சாலையோரம் காரிலேயே இருந்தார். வயலுக்குள் வரத் தைரியமில்லை. என் கண்ணீரைப் பார்த்ததும் பதறி இறங்கினார்.

"போச்சா?"

"பொழச்சிடுச்சு."

"பாத்தியா, அதுக்குத்தான் நான் அன்னிக்கே..."

"பேசாதீங்க!"

அதட்டத்தான் நினைத்தேன். மூன்று மாதமாகச் சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் அழுகையாக வந்தது. அவருடைய கோட்டிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ராத்திரிக்கு என்ன சமைக்கட்டும்?" என்று கேட்டேன்.

"ரசத்த தவிர எதுவா இருந்தாலும் சரி," என்றார்.