ஒரு பழைய பருவத்தின் நேர்முக வர்ணனை

பெருந்தொற்று வந்த ஆண்டின் கடைசி மாதங்களில் எங்கள் வீட்டு ஜாக்கெட் அலுமாரிக்குள் உட்கார்ந்துதான் நான் வானொலி நிகழ்ச்சி செய்தேன். பனிக்கால ஜாக்கெட்டுகள் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். குரல் துப்பரவாகப் போகும் என்று நிலையப் பொறுப்பாளர் சொல்லித் தந்திருந்தார். அவரை நாங்கள் எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருந்த எங்கள் சின்னத் தமிழ் வானொலி நிலையம் அப்போது பூட்டிக் கிடந்தது. ஏழெட்டுப் பேர் சம்பளமில்லாமல் அவரவர் வீட்டிலிருந்தே அதை நடத்தினோம்.

கிழமை நாட்களில் எனக்கு மார்க்கம் நகரில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. சனி, ஞாயிறு மாலை நாலு மணிக்கு வானொலியில் விளையாட்டுச் செய்தி. கனடாவுக்கு வந்த புதிதில் ஓர் ஐஸ் அரங்கத்தின் கன்ரீனில் உருளைக்கிழங்கு பொரித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எந்நேரமும் ஆட்டம் நடக்கும். எண்ணெய் கொதிக்கும் நேரங்களில் பார்த்துப் பார்த்தே ஐஸ் ஹொக்கியின் சட்டங்கள் எனக்குப் பாடமாகின. இன்றுவரை சப்பாத்தில் இரும்புத் தகடு மாட்டி ஐஸில் ஓரடி வைத்ததில்லை. ஆனால் தமிழில் ஹொக்கிச் செய்தி சொல்லும் பெண் என்று என்னைக் கொஞ்சப் பேருக்குத் தெரியும்.

அந்த மாதங்களில் சொல்ல ஆட்டமே இருக்கவில்லை. எல்லாம் நின்றிருந்தது. "பாட்டைப் போட்டு நிரப்பு, பிள்ளை" என்றார் அண்ணை. எனக்கு மனம் வரவில்லை. நூலக அட்டை இருந்தால் வீட்டிலிருந்தே நகரத்தின் பழைய பத்திரிகைகளைப் பார்க்கலாம் என்று தெரியும். ஒரு சனிக்கிழமை காலை சும்மா தேடிக்கொண்டிருந்தபோது, நூறு வருடங்களுக்கு முற்பட்ட ஒரு பனிக்காலத்தின் விளையாட்டுப் பக்கம் திரையில் வந்தது. இன்று உலகமே அறிந்திருக்கிற தொழில்முறை ஹொக்கிச் சங்கம் தொடங்கிய முதல் பருவம் அது. ரொறன்ரோவிலிருந்து ஓர் அணி ஆடியது. அவசரத்தில் சேர்த்த அணி. அந்த வருடம் அதற்கு முறையான பேர்கூட இல்லை. பத்திரிகைகள் ஊரின் பேரைச் சொல்லியே எழுதின.

முதல் ஆட்டத்தின் செய்தியை வாசித்தேன். மொன்றியலுக்குப் போய் ஆடி, ஒன்பதுக்குப் பத்து என்று ஒரேயொரு கோலால் தோற்றிருந்தார்கள். அன்று மாலை அலுமாரிக்குள் இருந்துகொண்டு அதை ஐந்து நிமிடச் சரித்திரக் குறிப்பாகச் சொல்லத்தான் நினைத்தேன். வாயைத் திறந்ததும் குரல் வேறு விதமாக வந்தது. "மொன்றியல் அரங்கத்திலிருந்து நேயர்களுக்கு வணக்கம். வெளியிலே நல்ல குளிர். எங்கட அணி இப்பதான் ஐஸில் இறங்குது" என்று தொடங்கிவிட்டேன். கோல் காப்பவரை ஊரில் பந்தடியில் சொல்வதுபோலக் கோலி என்றேன். அடிபட்டு ஓடும் றப்பர் வில்லையை வட்டு என்றேன். முடித்தபோது அரை மணி நேரம் ஆகியிருந்தது. எனக்கு முதுகெல்லாம் வேர்வை.

அடுத்த நாள் எங்கள் நிலையத் தொலைபேசியில் ஒரு குரற்பதிவு இருந்தது. பிக்கரிங்கிலிருந்து ஒரு பெண். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். பேச்சில் மன்னார் தெரிந்தது.

"பிள்ளை, ஒரு கோலாலதானே தோத்தது? அடுத்த ஆட்டம் எப்ப? நான் சமையலை முந்தி முடிக்கோணும்."

அப்படித்தான் அது தொடர் ஆனது. நான் முடிவை முன்கூட்டியே பார்ப்பதில்லை என்று எனக்கே ஒரு கட்டுப்பாடு வைத்தேன். அந்தந்தக் கிழமைக்குரிய பத்திரிகையை மட்டும் திறப்பேன். நேயர்களுக்குத் தெரியாதது எனக்கும் தெரியாது. அதனால்தான் என் குரலில் பதற்றம் உண்மையாக இருந்தது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது கிழமை ஒரு சட்டத்தைச் சொல்ல வேண்டி வந்தது. அந்தக் காலத்தில் கோலி நின்றபடிதான் வட்டை மறிக்கலாம். வேண்டுமென்று ஐஸில் விழுந்தால் தண்டனை. நிகழ்ச்சி முடிய முன்னமே பிக்கரிங் அன்ரி தொலைபேசி எடுத்துவிட்டார். இந்த முறை நேரடியாக ஒலிபரப்பிலேயே பேசினார்.

"உது என்ன சட்டம் பிள்ளை? விழாமல் எப்பிடி மறிக்கிறது?"

"அப்பிடித்தான் அன்ரி அப்ப எழுதி வைச்சிருக்கினம்."

"எழுதினவன் ஒரு நாளும் கோலியா நிண்டிருக்க மாட்டான்."

எங்கள் அணிக்கு அந்த நாட்களில் கோலியே பெரிய தலையிடி. ஒருவர் சரிவரவில்லை என்று அடுத்தவர், அவரும் சரிவரவில்லை என்று வேறொருவர். நல்ல ஒருவர் வந்து சேர்ந்த பிறகுதான் அணி நிமிர்ந்தது. பருவத்தின் நடுவில் அந்தச் சட்டத்தையும் மாற்றினார்கள். இனிக் கோலி விழலாம். அந்தச் செய்தியை நான் ஞாயிறு மாலை வாசித்தபோது எத்தனை பேர் அழைத்தார்கள் என்று அண்ணை பிறகு சொன்னார். ஏதோ நாங்கள் மனுக் கொடுத்து மாற்றிய சட்டம் போலச் சந்தோசப்பட்டார்கள்.

அதற்குச் சற்று முன்னர் மொன்றியலில் அரங்கம் எரிந்தது. அங்கே ஆடிய இரண்டு அணிகளில் ஒன்று அத்தோடு விலகிப்போனது. முதல் ஆட்டத்தில் எங்களைத் தோற்கடித்த அதே அணி. அன்று வந்த அழைப்புகளில் ஒருவர்கூட நல்லது என்று சொல்லவில்லை. "ஐயோ, உடுப்பும் எரிஞ்சு போச்சோ?" என்று கேட்டார் ஒரு பெண். எரிவதைப் பற்றி எங்கள் சனத்துக்கு விளக்க வேண்டியதில்லை. நானும் அன்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மேலே சொன்னேன்.

மார்க்கம் நகரிலிருந்து கேட்கும், ஓய்வுபெற்ற கணக்காளரான ஓர் அங்கிள் மட்டும் ஒரு நாள் குறுக்குக் கேள்வி கேட்டார்.

"பிள்ளை, நீர் எங்கட அணி, எங்கட அணி எண்டுறீர். அந்த நேரம் நாங்கள் ஒருத்தரும் இங்க இல்லையே?"

நான் யோசிக்காமல் கேட்டேன். "அங்கிள், நீங்கள் இருக்கிற வீட்டை ஆர் கட்டினது?"

"ஆரோ ஒரு வெள்ளைக்காரன். நான் வாங்கினது பிறகு."

"அப்ப அது உங்கட வீடில்லையோ?"

அங்கிள் சிரித்தார். அடுத்த கிழமையிலிருந்து அவர் புள்ளி நிலவரத்தைத் தானே எழுதி எனக்கு மின்னஞ்சலில் அனுப்பத் தொடங்கினார். இரண்டு இடத்தில் என் பிழையையும் திருத்தினார்.

தை மாத நடுவில் உண்மையான ஆட்டங்கள் மறுபடி தொடங்கின. பார்வையாளர் இல்லாத அரங்கங்களில், தொலைக்காட்சிக்காக ஆடினார்கள். அண்ணை அழைத்தார். "இனிப் பழசை விட்டிட்டு உள்ளதைச் சொல்லு. இப்பதான் உயிரோட இருக்கிற ஆக்கள் விளையாடத் தொடங்கியிட்டினமே." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சனிக்கிழமை நிகழ்ச்சியில், பழைய பருவம் இத்தோடு நிறைவடைகிறது என்று சொல்லிவிட்டு அன்றைய ஆட்ட முடிவுகளை வாசித்தேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அண்ணை திரும்ப எடுத்தார். குரல் களைத்திருந்தது.

"நீ என்ன பிள்ளை செய்து வைச்சிருக்கிறாய்? விடிஞ்சதிலிருந்து போனை வைக்க விடுறாங்கள் இல்லை. ஒரு மனுசி என்னைக் கேக்குது, பாதியிலை நிப்பாட்ட உமக்கு ஆர் அதிகாரம் தந்தது எண்டு."

"அப்ப என்ன செய்யிறது அண்ணை?"

"உள்ளதை அஞ்சு நிமிசத்திலை சொல்லு. மிச்ச நேரம் பழசைச் சொல்லு. என்னைக் காப்பாத்து."

அன்று மாலை பழைய பத்திரிகையைத் திறந்துகொண்டு அலுமாரிக்குள் போனேன். கன்ரீனில் நின்ற காலத்தில் என் பெயரைக் கேட்டவர்கள் மிகக் குறைவு. இப்போது யாரோ ஒருவர் எனக்காகச் சண்டை பிடித்திருக்கிறார்.

சண்டை பிடித்தது பிக்கரிங் அன்ரிதான். நன்றி சொல்ல நான் அவரை அழைத்தபோதுதான் மற்ற விசயம் தெரிந்தது. அவருடைய கணவர் வோபர்னில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். பாரிசவாதம் வந்த பிறகு பேச்சு மிகவும் குறைந்துவிட்டது. நோய் பரவும் பயத்தில் யாரையும் உள்ளே விடுவதில்லை. சனி, ஞாயிறு நாலு மணிக்கு அங்கே வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பெண் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வானொலியை வைத்துவிடுவாளாம்.

"அவரும் அங்க கேக்கிறார், நான் இங்க கேக்கிறன். அந்த அரை மணித்தியாலம் ரெண்டு பேரும் ஒரு இடத்திலை இருக்கிற மாதிரி" என்றார். "அதை நிப்பாட்டினா எனக்குக் கோவம் வராதோ?"

அதற்குப் பிறகு நான் இன்னும் கவனமாக வர்ணித்தேன். வட்டு எந்தப் பக்கத்தால் போகிறது, யார் யாருக்கு முன்னால் நிற்கிறார்கள் என்பதையெல்லாம் கட்டிலில் கண் மூடிக் கிடப்பவருக்கும் தெரியும்படி சொன்னேன். பத்திரிகையில் இல்லாததைச் சேர்க்கவில்லை. இருப்பதை மெதுவாகச் சொன்னேன்.

பருவத்தின் முதற் பாதியை மொன்றியலில் மிஞ்சியிருந்த அணி வென்றது. இரண்டாம் பாதியை நாங்கள் வென்றோம். இரண்டு அணிகளும் மோதியதில் நாங்கள் முன்னுக்கு வந்தோம். பிறகு மேற்குக் கரையிலிருந்து ஓர் அணி, கிழக்கும் மேற்கும் மோதி வெல்லும் கோப்பைக்காக, பல நாள் ரயிலில் ரொறன்ரோவுக்கு வந்தது. ஐந்து ஆட்டங்கள். இதில் ஒரு சிக்கல்: கிழக்குக்கு ஒரு சட்டம், மேற்குக்கு ஒரு சட்டம். எங்கள் சட்டத்தில் பக்கத்துக்கு ஆறு பேர். வட்டை முன்னோக்கிக் கொடுக்கக்கூடாது. அவர்கள் சட்டத்தில் ஏழு பேர்; முன்னோக்கிக் கொடுக்கலாம். ஓர் ஆட்டம் எங்கள் சட்டத்தில், அடுத்தது அவர்கள் சட்டத்தில் என்று மாறி மாறி ஆடினார்கள்.

முதலாவது ஆட்டம் எங்களுக்கு. இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவது எங்களுக்கு. நாலாவதில் ஒன்றுக்கு எட்டு என்று தோற்றோம். அந்த எட்டுக் கோலையும் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருந்தது. அன்ரி அழைத்து, "அவர் இதையும் கேட்டிருப்பார். பாவம்" என்று மட்டும் சொன்னார். மார்க்கம் அங்கிள் ஒரே வரியில் மின்னஞ்சல் போட்டார்: "அடுத்தது எங்கட சட்டம். பயப்படாதையும்."

கடைசி ஆட்டத்தின் செய்தியை நான் நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னர்தான் திறந்தேன். வாசித்துவிட்டு அலுமாரிக்கு வெளியே சற்று நேரம் நின்றேன். என் கணவர், "என்ன, வெண்டிச்சினமோ?" என்று கேட்டார். "நாலு மணிக்குக் கேளுங்கோ" என்றேன்.

கோல் விழவே மாட்டேன் என்றது அந்த ஆட்டம். கடைசிப் பகுதியில்தான் எல்லாம் நடந்தது. நாங்கள் ஒன்று அடித்தோம், அவர்கள் ஒன்று அடித்துச் சமன் செய்தார்கள், பிறகு எங்கள் ஆள் ஒருவர் இன்னொன்று அடித்தார். மிச்சமிருந்த நேரத்தை எங்கள் கோலி காத்தார். முடிவு மணி அடித்தது என்று சொன்னபோது ஜாக்கெட்டுகளுக்கு நடுவில் எழும்பி நின்றுவிட்டேன். ஜாக்கெட் தொங்கும் கொழுவிகள் தலையில் முட்டின. "வெண்டிட்டம் நேயர்களே, கோப்பை ரொறன்ரோவுக்கு" என்று நான் கத்தியது கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தவர்களுக்கும் கேட்டதாம்.

திங்கட்கிழமை மதியம் அன்ரி அழைத்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இல்லத்தில் வேலை செய்யும் அந்தப் பெண் அவருக்குச் சொன்னாளாம்: ஆட்டம் முடிந்ததும் கணவர் கட்டிலின் பக்கச் சட்டத்தைக் கையால் தட்டினாராம். தட்டிக்கொண்டே இருந்தாராம். பக்கத்துக் கட்டிலில் இருந்த இத்தாலியக் கிழவர் என்ன விசயம் என்று கேட்க, அந்தப் பெண் விளங்கப்படுத்தி, அவரும் தட்டினாராம்.

"பிள்ளை, இவ்வளவு மாதத்திலை அவர் சந்தோசப்பட்டது இதுக்குத்தான்" என்றார் அன்ரி.

நான் காப்புறுதி அலுவலகத்தில் எத்தனையோ பாராட்டுக் கடிதங்கள் வாங்கியிருக்கிறேன். அவற்றில் எதையும் நான் ஒருவருக்கும் காட்டியதில்லை. இதை மட்டும் அன்று கண்ட எல்லோருக்கும் சொன்னேன்.

வசந்தம் வந்ததும் தடுப்பூசி போட ஸ்காபரோவில் ஓர் ஐஸ் அரங்கத்துக்குப் போனேன். ஐஸை எடுத்துவிட்டு வெறும் சீமெந்துத் தரையில் கதிரைகள் போட்டிருந்தார்கள். முகக்கவசத்தோடு வரிசையில் நின்றபடி, எங்கே கையெழுத்து வைப்பது என்று தொண்டர் ஒருவரிடம் தமிழில் கேட்டேன். பின்னால் நின்ற ஒருவர், பேருந்துச் சாரதியின் சீருடை போட்டிருந்தவர், முன்னுக்கு எட்டிப் பார்த்தார்.

"நீங்கள் ஹொக்கி அக்காதானே?"

முகம் மூடியிருந்தும் குரலை வைத்துப் பிடித்துவிட்டார். ஓம் என்றேன். அவருக்குப் பின்னால் நின்ற ஒரு பெண்ணும் திரும்பினாள். ஆறடி ஆறடி இடைவெளியில் நின்றுகொண்டு அவர்கள் வாக்குவாதம் தொடங்கினார்கள். ஏழு பேர் ஆடுகிற சட்டம்தான் நல்ல சட்டம் என்றாள் அவள். ஏழு பேர் ஆடினால் கோலிக்கு வட்டே தெரியாது என்றார் சாரதி. நூறு வருடத்துக்கு முந்திய ஆட்டத்தைப் பற்றி, அது நேற்று நடந்ததுபோல, நல்ல தமிழில் சண்டை. கேட்டுக்கொண்டே நகர்ந்தேன்.

என் முறை வந்தபோது சாரதி கேட்டார். "அக்கா, அடுத்த வருசம் அவையள் என்ன செய்தவை?"

அதை நான் ஏற்கெனவே வாசித்துவிட்டிருந்தேன். மறைக்க மனம் வரவில்லை.

"அடுத்த வருசம் பருவம் முடிய முன்னமே அணி விலகியிட்டுது, தம்பி. தோத்துத் தோத்துக் கடைசியிலை ஆக்களும் கலைஞ்சு போச்சினம்."

அவர் முகத்தைத் தொங்கப் போடுவார் என்று நினைத்தேன். தோளைக் குலுக்கிவிட்டு, "போகட்டும் அக்கா. வெண்டது வெண்டதுதானே" என்றார். தாதி என்னைக் கூப்பிட்டாள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய்க் கதிரையில் உட்கார்ந்தேன்.