கலயம் வராத வீடு

கஞ்சி ஆறத் தொடங்கினால் மேலே மெல்லியதாக ஓர் ஆடை படரும். வெந்தயமும் பூண்டும் தட்டிப் போட்டு அண்டாவில் காய்ச்சிய கஞ்சியின் மணமெல்லாம் அந்த ஆடைக்கு அடியில் அடங்கிப்போய், கடைசியில் புழுங்கலரிசி வாடை மட்டும்தான் மிஞ்சும். அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்: ஒரு வரவேற்புரை, ஒரு தலைமையுரை, அப்புறம் ஒருவருக்கொருவர் மாற்றி மாற்றிப் போர்த்திக்கொள்ளும் பொன்னாடைகள். வலங்கைமானுக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் இருக்கும் எங்கள் ஊரில், தர்ம சபைக்காரர்கள் அமாவாசைதோறும் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றுவதற்கு முன்னால் இவ்வளவையும் செய்து முடிப்பார்கள். பசியோடு உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து போகமாட்டார்கள் என்ற தைரியம் அவர்களுக்கு.

அந்தக் கஞ்சிக்கு அரிசி சேரும் விதத்தைக் கேட்டால் யாருக்கும் மனம் குளிரும். சபையில் சேர்ந்த ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் ஒரு மண் கலயம் இருக்கும். உலைக்கு அரிசி களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்து அதில் போட்டுவிட வேண்டும். அமாவாசைக் காலையில் சபையின் தள்ளுவண்டி தெருவில் வந்து, வாசலில் வைத்திருக்கும் கலயங்களைச் சாக்கில் கவிழ்த்துக்கொண்டு போகும். ஆனால் இந்தக் கலயத்தை யாரும் தானாக வைத்துக்கொள்ள முடியாது. ஏற்கெனவே சபையில் இருக்கும் இரண்டு பேர் அதற்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு, தங்கள் வீட்டு அரிசியில் முதல் பிடியைப் போட்டு, உங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். "கலயம் வருது" என்றால் தெருவே வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கும்.

அப்படி யார் யார் வீட்டுக்கு வந்தது என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். ரைஸ் மில்காரர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "கலயம் இருக்கிற வீடுதானே?" என்று கேட்டுவிட்டார்களாம், மனுஷன் ஒரு வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு செயலாளர் கோதண்டத்தின் வீட்டுக்கு ஓடினார், கலயம் வந்துவிட்டது. கடைத்தெரு டாக்டருக்கு, எதிர்ப் பக்கத்து டாக்டர் சேர்ந்துவிட்டாரே என்ற வயிற்றெரிச்சல். சிமெண்ட் கடைக்காரருக்குப் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கிற யோசனை. ஊரில் நாலு பேர் பட்டினி கிடக்கிறார்களே என்பதற்காகச் சேர்ந்த ஒரு ஜென்மத்தையும் நான் பார்த்ததில்லை. சேர்ந்த பிறகாவது தினமும் ஒரு பிடி போட்டார்களா என்றால், அதுவும் கிடையாது. அமாவாசை விடிந்ததும்தான் கலயத்தின் நினைவு வரும். மூட்டையின் அடியில் கிடக்கும் வண்டு விழுந்த அரிசியை வாரிப் போட்டு நிரப்பி, வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். இது எப்படி எனக்குத் தெரியும் என்கிறீர்களா? அந்தக் கஞ்சியைக் குடித்தவர்கள் நாங்கள்தானே.

அப்பா நெல் மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருந்த காலம் அது. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஆற்றங்கரை மண்டபத்தில் வரிசையில் உட்கார்வாள். தூக்குவாளியைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, மைக்கில் பேசுகிறவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் சிணுங்கினால், "சும்மா இருடி, சுடச்சுட ஊத்துனா அவங்களுக்கு என்ன கொறஞ்சா போயிடும்?" என்று என்னையும் அதட்டி அவர்களையும் திட்டிக்கொள்வாள். அப்பா எழுந்து நடமாடத் தொடங்கியதும் அந்த வரிசைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நடவு, களை, அறுப்பு என்று ஒன்று விடாமல் போய், வீட்டில் கூலி நெல் சேர்ந்ததும், அம்மாவுக்கு ஒரே ஓர் ஆசை வந்தது. அந்த அண்டாவில் தன் கை அரிசியும் கொஞ்சம் வேக வேண்டும்.

கலயம் வரும் வரும் என்று பார்த்தாள். எங்கள் தெருப் பக்கமே அது திரும்பவில்லை. அதற்காக மூலையில் உட்கார்ந்து அழுகிற ஆள் அல்ல அவள். சந்தைக்குப் போய்த் தானே ஒரு கலயம் வாங்கி வந்து, மஞ்சளும் குங்குமமும் தானே இட்டு, அடுப்பு மேடையில் வைத்துவிட்டாள். கொடுக்கிறவளை யார் வேண்டாம் என்று சொல்லப்போகிறார்கள் என்ற நினைப்பு, பாவம். புது அரிசியை முறத்தில் கல், நெல் பொறுக்கி, தினமும் ஒரு பிடி போட்டுவந்தாள். அவளுக்குக் காய்ச்சல் வந்த நாட்களிலும், "இன்னிக்குப் போட்டியாடி?" என்று பாயில் படுத்தபடியே என்னைக் கேட்டாள்.

தை அமாவாசைக் காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, கலயத்தை நடுவில் வைத்துவிட்டு நின்றாள். கோதண்டமும் மில்காரரும் முன்னால் நடக்க, வண்டி பெரிய தெருவுக்குப் போகும் வழியில் எங்கள் வாசலைத் தாண்டியது. கோதண்டம் நின்றார்.

"இது யாரு வச்ச கலயம்?"

"நாந்தாங்க வச்சேன். புது அரிசிங்க. ஒரு கல்லு இருக்காது, பாத்துக்குங்க" என்றாள் அம்மா, முகமெல்லாம் பூரித்துப்போய்.

அவர் மில்காரரைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க வாங்கிக்கிற வீடும்மா. வாங்கிக்கிறவங்களே குடுக்க ஆரம்பிச்சுட்டா, அப்புறம் நாங்க யாருக்குக் குடுக்கிறது?"

"இப்ப வாங்கறதில்லீங்களே."

"இருக்கட்டும்மா, நாளைக்கே தேவைப்படும்ல" என்று சொல்லிவிட்டு நடந்தார். வண்டியும் போயிற்று. அந்த அரிசியை வாரி அந்த ஆளின் வெள்ளை வேட்டியில் விசிறியடிக்க வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது. வண்டு அரிசியைக் கைகூப்பி வாங்கிக்கொண்டு போன வண்டி அது. அம்மாவின் அரிசியில் அவர்கள் கண்ட ஒரே குறை அது எங்கள் வீட்டு அரிசி என்பதுதான்.

அம்மா கலயத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போய், வெந்தயமும் பூண்டும் போட்டு, பெரிய பானையில் கஞ்சி காய்ச்சினாள். கொதிக்கக் கொதிக்க ஒரு தூக்கில் ஊற்றி, அடுத்த தெரு மும்தாஜ் அக்காவுக்கு என்னிடம் கொடுத்தனுப்பினாள். சவுதிக்குப் போன புருஷனிடமிருந்து வெகு நாளாகத் தகவல் எதுவும் இல்லாமல், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த அக்கா திண்டாடிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். சபைக்கும் தெரியும். மண்டபத்துக்கு வந்து வரிசையில் உட்காராதவளுக்கு எப்படி ஊற்றுவது என்பது அவர்களுடைய நியாயம்.

கொஞ்ச நாள் கழித்து அக்கா வீட்டுக்குப் பணம் வந்தது. மறுநாள் காலையிலேயே, முந்தானையில் அரிசியை முடிந்துகொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். "அக்கா, இதையும் அதுல போட்டுக்குங்களேன்" என்றாள். அம்மா உள்ளே ஓடிப்போய்க் கலயத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் நீட்டினாள். எங்கள் சபைக்கு இரண்டாவது உறுப்பினர் சேர்ந்த கதை இவ்வளவுதான்.

இப்போது நானும் அம்மாவும் தஞ்சாவூரில் இருக்கிறோம். நான் பேங்கில் மேனேஜர். ஊரில் கலயம் கிடையாது, தள்ளுவண்டி கிடையாது, அண்டாக்களை யாரோ பழைய பாத்திரத்துக்குப் போட்டுவிட்டார்களாம். போன வாரம் கோதண்டத்தின் மகன் போன் செய்தான். இப்போது அவன்தான் செயலாளர்.

"மேடம், நம்ம ஊர்க்காரங்க நீங்க, சபையில சேராம இருக்கலாமா? வாட்ஸப்புல லிங்க் அனுப்புறேன், தொட்டாப் போதும், சேந்துடலாம். வர்ற விழாவுல உங்களுக்குத்தான் பொன்னாடை."

எங்கள் வீட்டுக்குக் கலயம் வர நான் மேனேஜர் ஆக வேண்டியிருந்தது. அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவே இல்லை.

"கஞ்சியச் சுடச்சுட ஊத்துறாங்களான்னு கேளு" என்றாள்.

கேட்டேன். "கஞ்சியெல்லாம் இப்ப யாரு மேடம் குடிக்கிறாங்க? சாப்பாட்டுப் பொட்டலம்தான். விழா முடிஞ்ச கையோட எல்லாருக்கும் குடுத்துடுவோம்" என்றான்.

"முடிஞ்சப்புறமா? அப்ப ஆறிப்போயிருக்கும். நமக்கு வேணாம்னு சொல்லிடு" என்றாள் அம்மா.

சொல்லிவிட்டேன்.