கண்ணாடிக்காரன் யாரு சாமி?

"அதெல்லாம் உன்னால ஆவாது அம்மிணி. பொட்டியக் கொண்டாந்து என்ற கடைல குடுத்துட்டுப் போ" என்றார் ராசிபுரத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரர். எங்கள் வீட்டுக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கித் தந்ததும் பழுது பார்ப்பதும் அவர்தான். விளம்பரத் தொல்லை தாங்காமல் வழி கேட்கப் போயிருந்தேன். "எதையாச்சும் அழிச்சு வெச்சீன்னா அப்பறம் கண்ணே முழிக்காது, ஆமா" என்று பயமுறுத்தினார். எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கணினி அறிவியலில் பட்டமும் வாங்கியிருந்தேன். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வெண்ணந்தூர் பஸ் ஏறினேன்.

விளம்பரம் வந்தது என் தவறுதான். வேலைக்கு விண்ணப்பம் தயாரிக்க ஏதோ ஒரு இலவச மென்பொருளை இறக்கினேன். கூடவே நாலைந்து ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. எதைத் திறந்தாலும் சீட்டாட்டம், நகைக்கடன். திரையின் ஓரத்தில் எப்போதும் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். தறி ஓட்டிவிட்டு வரும் அம்மா அவளைப் பார்த்து, "இவளுக்கு வேற சோலியே இல்லியா? எந்நேரமும் பல்லக் காட்டிக்கிட்டு" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒவ்வொன்றாக நீக்கினேன். சிரித்த பெண் போனாள், சீட்டாட்டம் போனது. பெயர் புரியாத ஒன்று மட்டும் போக மறுத்து, கடவுச்சொல் கேட்டது. அது இருந்த இடத்தைத் தேடித் திறந்தால் ஆயிரக்கணக்கில் படங்கள். எல்லாம் என் திரை. நான் கேட்ட பாடம், தோழிக்கு எழுதிய மடல், அடித்துத் திருத்திய விண்ணப்பம். சில நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தது.

அப்பா லாரி டிரைவர். வடக்கே லைனுக்குப் போனால் திரும்ப ஒரு மாதம் ஆகும். அதற்குச் சில வாரம் முன்பு நாக்பூரிலிருந்து பேசியபோது திடீரென்று, "அந்தக் கண்ணாடிக்காரன் யாரு சாமி?" என்றார்.

"எந்தக் கண்ணாடிக்காரருங்கப்பா?"

"ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்."

இப்போது அந்த முகம் படங்களில் இருந்தது. வீடியோவில் பாடம் நடத்தும் ஆசிரியர். மூக்குக்கண்ணாடி போட்டவர்.

கடவுச்சொல் கேட்ட கட்டத்தில் அப்பாவின் லாரி நம்பரை அடித்தேன். திறந்துகொண்டது. திறக்காமல் இருந்திருக்கலாம்.

சென்னையிலிருந்து எனக்கு வந்திருந்த வேலைக் கடிதமும் அந்தப் படங்களில் பல முறை இருந்தது. அப்பா வந்ததும் நேரில் கேட்டுவிட்டுத்தான் பதில் போட வேண்டும் என்று வைத்திருந்தேன். அவர் ஏதோ ஒரு டாபாவில் உட்கார்ந்து அதைத் தன் போனில் பார்த்திருக்கிறார், என்னவென்று தெரியாமலேயே. அன்று அழுதது அதற்குத்தான். படம் அனுப்பும் அந்த மென்பொருளை மட்டும் நீக்காமல் விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து அப்பா வந்தார். குளித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"என்ற கம்ப்யூட்டர்ல எதுக்குங்கப்பா அதப் போட்டீங்க?"

தண்ணீர்ச் சொம்பை அப்படியே கீழே வைத்தார். "கம்ப்யூட்டர் கடைக்காரன்தான் சொல்லிப் போட்டுக் குடுத்தான். வயசுப் புள்ள, நீ மாசக்கணக்குல லைன்ல கெடக்கற, ஒரு கண்ணு இருக்கட்டும்னான்."

"அதப் பாத்து என்னங்க தெரிஞ்சுது?"

"எழுத்தெல்லாம் எனக்கென்ன தெரியும் சாமி. மூஞ்சி ஏதாச்சும் வருதான்னுதான் பாத்தேன்."

"எங்கிட்டயே கேட்டிருக்கலாமுங்களே."

"கேட்டா அழுவ."

அழவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்கக் கைநாட்டு வைத்தவர் அவர். என் மதிப்பெண் பட்டியலைப் பத்திரமாக உறை போட்டு லாரியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் காட்டியவரும் அவர்தான். அதையெல்லாம் சொல்லத்தான் நினைத்தேன். அம்மா எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அப்பா தன் போனை எடுத்து நீட்டினார். கடைசியாக வந்திருந்த படம். முழுக்க எழுத்து.

"காத்தால வந்துச்சு. இதுல ஒரு மூஞ்சியும் இல்ல. என்னன்னு படி."

ஆங்கிலத்தில் நான் எழுதியது. அவருக்குத் தமிழில் சொன்னேன்.

"சென்னை வேலைக்கு எனக்குச் சம்மதம், திங்கக்கெழம வந்து சேர்ந்துக்கறேன்னு எழுதியிருக்குதுங்கப்பா. காத்தால அனுப்பிட்டேனுங்க."