யானையைத் தேடிய வெளிச்சம்

அந்த வருடம் எங்கள் பெண்கள் பாடசாலையின் கலை விழாவுக்குத் தாய்மாரை மட்டும் அழைப்பது என்று முடிவானது. பிள்ளைகள் கூச்சமில்லாமல் நடிக்கலாம், உம்மாமார் வாய்விட்டுச் சிரிக்கலாம். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் சிக்கல். மேடைக்கு லைட் போட ஒத்துக்கொண்டிருந்தவர் என் கணவர். மண்டபத்துக்குள் ஆண்கள் இருக்கக் கூடாதென்றால் லைட்டை யார் இயக்குவது?

கல்முனையில் சின்னதாக ஒரு கடை வைத்து, கல்யாணங்களுக்கும் விழாக்களுக்கும் லைட் வாடகைக்குக் கொடுப்பது அவருடைய தொழில். நான் கணிதம் படிப்பிக்கிறேன். எங்கள் வீட்டு முன்னறையில் பாதியை அந்த லைட்டுகள்தான் பிடித்திருந்தன. தூசு தட்டுவதற்குத் தவிர நான் அவற்றைத் தொட்டதேயில்லை.

"நீதான் செய்யோணும்," என்றார் அவர், தேத்தண்ணியை ஊதிக்கொண்டு.

"எனக்கு ஏலா. கரண்ட் அடிச்சா?"

"கரண்ட் எங்க அடிக்கிற? ரேடியோ திருகத் தெரிஞ்சாக் காணும், புள்ள."

அது பச்சைப் பொய். விழாவுக்கு முதல் நாள் ஒத்திகைக்காக அவர் மண்டபத்தில் லைட்டுகளை இறக்கியபோதுதான் எனக்கு அது விளங்கியது. முதலாவது லைட்டிலிருந்து இரண்டாவதற்கு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு என்று மாலை கட்டுவதுபோல் வயரைக் கோத்துக்கொண்டு போனார். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு குட்டித் திரை, அதில் ஓர் எண்.

"இந்த எண்தான் லைட்டுட அட்ரஸ்," என்றார். "ஒரு லைட்டுக்கு ஏழு எண் வேணும். சிவப்புக்கு ஒண்டு, பச்சைக்கு ஒண்டு, நீலத்துக்கு ஒண்டு, இப்பிடி. முதலாவது லைட் ஒண்டுல துவங்கினா, அடுத்தது எட்டுல."

"அப்ப மூணாவது பதினஞ்சு. அதுக்கடுத்தது இருபத்திரண்டு."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "பாத்தியா? நான் இதைப் படிக்க ஒரு மாசம் எடுத்தன்."

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. கன்ட்ரோலரில் மேலும் கீழும் தள்ளும் கட்டைகள் வரிசையாக இருந்தன. சிவப்பையும் பச்சையையும் ஒன்றாகத் தள்ளினேன். மேடை முழுக்க மஞ்சள் விரிந்தது. கொஞ்சம் சிவப்பைக் கூட்டினேன். அறுவடைக்குக் காத்திருக்கும் வயலின் நிறம் வந்தது. அதை ஒரு பட்டனில் பதிந்துவைத்தேன். அந்தியை இன்னொன்றில், நிலவை மற்றதில்.

எங்களுக்கு வயல்தான் தேவைப்பட்டது. விழாவில் போடவிருந்த நாடகம் யானைக் காவலைப் பற்றியது. விளைந்த வயலில் இரவு யானை இறங்கும். வயலோரக் குடிலான வாடியில் படுத்திருக்கும் காவல்காரர் டோர்ச் அடித்துத் தேடுவார்கள். நெல் மூட்டைச் சாக்குகளைத் தைத்து, உள்ளே இரண்டு பிள்ளைகளை விட்டு, நாடகம் பழக்கிய டீச்சர் ஒரு யானை செய்திருந்தார். டோர்ச் வெளிச்சத்துக்குக் கழுத்தைத் திருப்பும் மூவிங் ஹெட் லைட். யானை எங்கே நிற்கும் என்று யாருக்கும் நிச்சயமில்லாததால் அதை மட்டும் நான் கையாலேயே ஓட்ட வேண்டும். ஒத்திகையில் நன்றாக ஓட்டினேன்.

அடுத்த நாள் காலை, அக்கரைப்பற்றில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த, லைட் மாட்டும் இரும்புச் சட்டம் திரும்பி வந்தது. முதல் நாள் மேடைத் தரையில் வைத்திருந்த மூவிங் ஹெட்டை அவர் அதில் உயரத்தில் மாட்டினார். நாங்கள் ஜன்னல்களை மறைத்துக்கொண்டிருந்தோம். துணிக்கடையொன்றில் இரவல் வாங்கிய கறுப்பு அபாயாத் துணி. அதற்குள் உம்மாமார் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "லைட் எல்லாம் பத்துது, பயப்பிடாத," என்று சொல்லிவிட்டு அவர் பின்கதவால் வெளியேறினார்.

மண்டபத்தின் கடைசியில், கூட்டத்துக்குப் பின்னால் கன்ட்ரோலரோடு நான் உட்கார்ந்தேன். அந்தி வந்தது, நிலவு வந்தது. உம்மாமார் அமைதியானார்கள். யானை மேடைக்குள் நுழைந்தது. நான் வெளிச்சத்தை இடப்பக்கம் தள்ளினேன்.

அது வலப்பக்கம் போனது.

இன்னும் தள்ளினேன். இன்னும் வலப்பக்கம் போய், திரைச்சீலையில் ஏறி நின்றது. யானையோ இருட்டில் நடு மேடையில் நின்று, வெளிச்சம் வராததால் என்ன செய்வதென்று தெரியாமல் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"அங்கால! அங்கால!" என்று முன்வரிசையில் ஒரு குரல் எழுந்தது.

நான் திருப்பினேன். வெளிச்சம் யானையைத் தாண்டிப் போனது.

"ஐயோ, உட்டுட்டீங்க! இஞ்சால வாங்க டீச்சர்!"

"வாடிக்குப் பின்னால ஒளிக்குது பாருங்க!"

உள்ளே இருந்த பிள்ளைகளுக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. யானை உண்மையிலேயே ஓடி ஒளியத் தொடங்கியது. நற்பிட்டிமுனையில் வயல் செய்யும் குடும்பத்து உம்மா ஒருவர் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் வாயில் குவித்து, "ஹோ... ஹோய்!" என்று யானை கலைக்கும் கூச்சல் போட்டார். மண்டபம் முழுக்க அந்தக் கூச்சலை எடுத்துக்கொண்டது. கறுப்புத் துணி அதிர்ந்தது.

அந்த ஆரவாரத்துக்கு நடுவில்தான் அண்ணாந்து பார்த்தேன். லைட் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நேற்றுத் தரையில் நிமிர்ந்து நின்றது, இன்று கவிழ்ந்து நிற்கிறது. இடம் வலமாகும், வலம் இடமாகும். அவ்வளவுதானே! கட்டையை எதிர்த்திசையில் தள்ளினேன். வெளிச்சம் வழுக்கிக்கொண்டு வந்து யானையின் முகத்தில் நேராக விழுந்தது. யானை தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறியது. கைதட்டல் அடங்க நெடுநேரம் பிடித்தது.

விழா முடிந்து வெளியே வந்தபோது வாசலில் என் கணவர் முகம் வெளிறி நின்றார். அவர் எடுத்த போன் கோல்களை நான் பார்க்கவேயில்லை.

"என்ன நடந்த? கூரை விழுந்தமாதிரிச் சத்தம் கேட்டிச்சே!"

"லைட்டைக் கவுத்துத் தொங்கவிட்டா இடம் வலமா மாறுமெண்டு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அல்லாஹ்வே! அதை மறுபக்கம் மாத்த லைட்டுலயே ஒரு பட்டன் இரிக்கி. அவசரத்துல மறந்திட்டன்." பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

நாடகம் பழக்கிய டீச்சரிடம் உம்மாமார் வந்து, வெளிச்சம் தடுமாறுகிற மாதிரி நல்லாப் பழக்கியிருக்கிறீங்க என்று பாராட்டினார்களாம். அவர் மறுக்கவில்லை.

அதன் பிறகு பெண்கள் மட்டும் கூடும் வைபவங்களுக்கு என்னைக் கேட்டு ஆள் வரத் தொடங்கியது. கணவர் வந்து வயர் இழுத்து, மாட்டி, வெளியே போய்விடுவார். நாடகம் பழக்கிய டீச்சர் மைக்கைப் பார்த்துக்கொள்வார், நான் லைட்டை. போன மாதம் சாய்ந்தமருதில் ஒரு மருதோண்டி வைபவம். மணப்பெண் கடும்பச்சைச் சாரி உடுத்திருந்தாள். என் மஞ்சள் வெளிச்சத்தில் அது காய்ந்த இலைபோல் தெரிந்தது. அவள் கைகளில் ஈர மருதோண்டி, அசைக்க முடியாது. கண்ணாலேயே என்னைக் கூப்பிட்டாள்.

"டீச்சர், சாரிட நிறம் செத்துப் போச்சு."

சிவப்பைக் குறைத்தேன், வெள்ளையை மெல்ல ஏற்றினேன். பச்சை உயிர்பெற்று எழுந்தது.

"ஓம், இதுதான்! இனித் தொடாதீங்க," என்றாள்.

நான் கையை எடுத்துவிட்டேன்.