படையலில் வைத்த பெராக்சைடு

எங்கள் பேராசிரியருக்குப் பொன்னாங்கண்ணிக் கீரைமேல் இருந்த பக்தி, சிதம்பரத்தில் பாதிப் பேருக்கு நடராஜர்மேல்கூட இருந்திருக்காது. கண்ணுக்கு நல்லது என்று ஊரே சொல்வதை ஆய்வுக்கூடத்தில் நிரூபித்துவிட வேண்டும். நிரூபித்ததாகப் பெயர் வந்தாலே போதும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. 2008இல் அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன்.

பண்ருட்டிப் பக்கத்துப் பண்ணையிலிருந்து அடைகாத்த முட்டைகள் வரும். உள்ளே வளரும் குஞ்சின் விழித்திரையை எடுத்து, அதன் செல்களைத் தட்டில் வளர்ப்போம். உயிருள்ள செல் மூச்சு வாங்கும்போதே கொஞ்சம் நச்சையும் உண்டாக்கிக்கொள்கிறது. அது அளவு மீறினால் செல் செத்துவிடும். சர்க்கரை நோயாளியின் விழித்திரையில் நடக்கும் கெடுதல்களில் இதுவும் ஒன்று. அந்த நச்சுக்குப் பதிலாகத் தட்டில் பெராக்சைடு ஊற்றிவிட்டு, கீரைச்சாறு செல்களைக் காப்பாற்றுகிறதா என்று பார்ப்போம். சாறு விட்டாலும் செத்தன, விடாவிட்டாலும் செத்தன.

எனக்கு இது வெறும் பட்டத்துக்கான வேலை இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்த என் அப்பாவுக்குச் சர்க்கரை. விழித்திரையில் ரத்தம் கசிகிறது, லேசர் வைக்காவிட்டால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பாவுக்கோ கண்ணில் நெருப்பை வைக்கப்போகிறார்கள் என்று பயம். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனார்.

அந்த வருட ஆயுத பூஜைக்குப் பேராசிரியர் ஃபிரிட்ஜைக்கூட விட்டுவைக்கவில்லை. உள்ளே இருந்த புட்டிகளை எல்லாம் வெளியே எடுத்துத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலைக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். தண்ணீர் கலந்து வைத்திருந்த பெராக்சைடுக்கும் ஒரு பொட்டு. பூஜையில் வைத்ததைத் தொடக் கூடாது என்று சொல்லிப் பூட்டிவிட்டு, சாவியோடு மைத்துனர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். அந்தப் புழுக்கத்தில் கிடந்தால் பெராக்சைடின் வீரியம் என்ன ஆகும்? எங்கள் வீட்டிலும் ஆயுத பூஜை உண்டு. அதற்காகப் பாலைப் படையலில் வைத்துவிட்டு அடுத்த வாரம் அதில் காபி போட மாட்டோம்.

ஒரு வாரம் கழித்து அவர் வந்ததும், புதிதாகக் கலக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. நல்ல நேரம் பார்த்து, சாமிக்கு வைத்த அதே புட்டியை எடுத்துத் தன் கையாலேயே ஊற்றினார். சாறு சேர்த்த தட்டில் செல்கள் பிழைத்துக்கொண்டன. மனிதர் குதித்தார். பெராக்சைடை மட்டும் ஊற்றிய தட்டு ஒன்றையும் கூடவே வைத்துப் பார்க்க வேண்டாமா? "அதான் போன மாசமே செத்துச்சே, எதுக்கு முட்டைய வீணாக்குற?" என்றார். அதே புட்டியிலிருந்து ஊற்றி நானே ஒன்று வைத்தேன். அதிலும் செல்கள் ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. அவரை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வைத்தேன்.

"சார், இது கீரையால இல்ல. பெராக்சைடுல வீரியமே இல்ல."

"பூஜைல வெச்ச பொருளக் குத்தம் சொல்றியா?"

"புதுசா கலந்து ஒரே ஒரு தடவ பாத்துரலாம் சார்."

"பேப்பர்காரங்கள வரச் சொல்லிட்டேன்மா."

வந்தார்கள். எங்களை எல்லாம் அவருக்குப் பின்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். விழித்திரையைக் கீரை காப்பாற்றும் என்று அந்தப் படத்தோடு செய்தி வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். எங்கள் ஆள் கீரையில் மறைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடலூருக்குப் போனால், அம்மா அம்மியில் பொன்னாங்கண்ணி அரைத்துக்கொண்டிருக்கிறாள். அப்பா டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறார்.

"அப்பா, அது பொய். லேசருக்குக் கெளம்புங்க."

"உனுக்கும் உங்க சாருக்கும் ஏதோ சண்ட. அதான் கொறச்சுப் பேசுற" என்று சிரித்தார்.

வாராவாரம் பஸ் ஏறிப் போய்ச் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். பார்வை மங்க மங்கச் சாறு ஜாஸ்தியானது. கண்முன்னால் ஒரு கண் அவிந்துகொண்டிருக்கிறது. படித்த படிப்பு எதற்கும் உதவவில்லை. ஆத்திரத்தில் ஒருமுறை டம்ளரைப் பிடுங்கிக் கொட்டினேன். அம்மா மறுபடியும் அரைத்தாள்.

மறு வருடம் சர்க்கரையால் பேராசிரியரின் கண்ணிலும் அதே கசிவு. கீரைக்கட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை மகானுபாவர். சென்னைக்கு ஓடினார், லேசர் வைத்துக்கொண்டார், கறுப்புக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தார். ஊருக்குத்தானே உபதேசம்! வெளியே வந்து அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அவுரே போயிட்டாரா?" என்றார். "அப்ப வா, போலாம்."

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் லேசர் வைத்து வலது கண்ணைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். இடது கண் போனது போனதுதான். முன்னமே வந்திருந்தால் இரண்டும் தப்பியிருக்கும் என்றார் டாக்டர். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் என்னால் அடக்க முடியவில்லை.

"அந்தாளு பேச்ச நம்புனீங்க. பெத்த பொண்ணு தலதலயா அடிச்சிக்கிட்டேன், என்ன நம்பலயே!"

இடப்பக்கம் உட்கார்ந்திருந்த என்னைப் பார்க்க அப்பா தலையை முழுதாகத் திருப்ப வேண்டியிருந்தது.

"அந்தாள யாரு நம்புனா? எம்பொண்ணு பண்ண வேல, தப்பாப் போவாதுன்னுதாம்மா நம்புனேன்" என்றார்.